ஷவர் ஓடும்போது மட்டும் கசிந்த குழாய்

குளியலறைக்குப் பின்புறம் இருக்கும் படுக்கையறைச் சுவர் ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. புதுப் பூச்சு பூசி, வண்ணம் அடித்து, ஒரு முழு மழைக்காலமும் கடந்தாயிற்று. பெயிண்ட் எங்கும் உப்பவில்லை, அலமாரிப் பக்கம் அந்தப் பழைய மக்கல் வாடையும் இல்லை. இப்போதுதான் இதை எழுதத் தைரியம் வந்திருக்கிறது, ஏனென்றால் நடுவில் ஒரு கட்டத்தில் "சரி, காரணம் கிடைத்துவிட்டது" என்று எல்லோரும் நம்பினோம், அந்தக் காரணம் கடைசியில் வேறாகப் போயிற்று.

சுவர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரைச் செங்கல் தடுப்புச் சுவர், இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்தால் சுமார் 14 செ.மீ. கனம். குளியலறைப் பக்கம் கூரை உயரம் வரை டைல்ஸ், படுக்கையறைப் பக்கம் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயிண்ட். மர அலமாரி ஒன்று சுவரை ஒட்டியே நின்றது. தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, கீறினால் வெள்ளைப் பொடி கொட்டியது. அலமாரியை நகர்த்தினால் அதற்குப் பின்னால் கரும்பச்சையாகப் பூஞ்சை.

வெள்ளையாக இருந்ததும் கறுப்பாக இருந்ததும் ஒன்றல்ல. வெள்ளைப் பொடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து காணாமல் போகும், அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆவியாகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. கறுப்பின் மேல் ஒரு சொட்டு பிளீச் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும், அது பூஞ்சை. உப்பு இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே நடந்து வருகிறது என்று அர்த்தம். பூஞ்சை அவ்வளவு தூரம் சொல்லாது, மேற்பரப்பு ஈரமாக இருக்கிறது, காற்று போகவில்லை என்பதோடு சரி. எங்கள் சுவரில் இரண்டும் இருந்ததால் வெறும் காற்றோட்டக் குறை என்று விட்டுவிட முடியவில்லை.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, சுவரில் ஒரு நாள் விட்டோம். அறைக் காற்றின் ஈரம்தான் காரணம் என்றால் தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். எங்களுக்கு உள்பக்கம்தான் வியர்த்தது. ஆக, சுவருக்குள்ளே தண்ணீர் இருக்கிறது.

எங்கிருந்து? தண்ணீர் வரும் குழாய், கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் இடுக்கு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். முகப்பில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், சொட்டுச் சொட்டாகப் போனாலும் அது மெல்லச் சுற்றும். அது அசையவே இல்லை. (மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளில் தொட்டிக்குள் வரும் வால்வை மூடிவிட்டு நீர்மட்டத்தைக் குறித்துப் பார்க்கலாம், ஆனால் 1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் மட்டம் 1 மி.மீ. இறங்கவே முக்கால் லிட்டருக்கு மேல் போக வேண்டும், சின்னக் கசிவு அதில் பிடிபடாது.) அப்புறம் குளியலறைத் தரை வடிகாலை அடைத்து, சாயப் பொடி கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்து, பிறகு அடைப்பை எடுத்து வடியவிட்டு, பின்சுவரில் நிறம் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. மிச்சம் இருந்தது டைல்ஸ் இடுக்கு மட்டும்தான். பழைய கலவை நிறைய இடத்தில் உதிர்ந்தும் இருந்தது. அத்தனை இடுக்கையும் சுரண்டி எடுத்து எபாக்சி என்ற பிசின் கலவை போட்டோம். பார்க்க அழகாக வந்தது. சுவர் அப்படியே ஈரமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் ஈரமானி வாங்கினேன், முனையில் இரண்டு ஊசி இருக்கும் சாதாரண வகை. இதை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவியின் அளவு மரத்துக்கு வகுத்தது. செங்கல் சுவரில் 30 என்று காட்டினால் 30 சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்று பொருள் இல்லை, உப்பு இருந்தால் இன்னும் கூட்டியும் காட்டும். எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அதே சுவரில் ஈரமே படாத ஒரு மூலையில் அளந்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட வேண்டும். எங்கள் காய்ந்த மூலை 9 முதல் 10 வரை காட்டியது. அலமாரி நின்ற இடம் 30ஐத் தாண்டியது.

சுவர் முழுக்கப் பென்சிலால் 20 செ.மீ.க்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அளந்த எண்ணைச் சுவரிலேயே எழுதினேன், எப்படியும் பெயிண்ட் போகப்போகிறதுதானே. கீழ் இரண்டு வரிசையும் முழுக்க 28, 31, 33 என்று இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். மேலே போகப் போக எண் குறைய வேண்டும். பெரும்பாலான இடங்களில் குறைந்தது. ஆனால் ஒரு பத்தியில் மட்டும், இரண்டு கட்ட அகலத்துக்கு, தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை 22, 24, 23 என்று போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை, பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. மறுபக்கம் போய் அளந்து பார்த்தால் அந்தப் பத்திக்கு நேராக ஷவர் இருந்தது.

பிளம்பர் அண்ணன் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் சொன்னார், "தண்ணி மேல இருந்துதான் இறங்குது, நீங்க கீழ தேடிட்டு இருக்கீங்க." மீட்டர் ஏன் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஷவர் வால்வுக்கு மேலே ஷவர் தலை வரை போகும் குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தம் இருக்காது, வால்வைத் திறந்தால்தான் இருக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கிற சோதனை இந்த ஒரு முழக் குழாயைத் தொடவே தொடாது. குளிக்கிற நேரத்தில் மட்டும் கசியும், குளித்து முடித்ததும் நின்றுவிடும்.

இருந்தாலும் உடனே உடைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை டைல்ஸ் இடுக்கு என்று முடிவு கட்டியிருந்தோம் அல்லவா, அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் எல்லோரும் கீழ்க் குழாயில் வாளி பிடித்துத்தான் குளித்தோம், டைல்ஸ் வழக்கம்போல நனைந்தது, ஷவர் மட்டும் ஓடவில்லை. மேல் கட்டங்களின் எண் இறங்க ஆரம்பித்தது. அப்புறம் ஷவர் தலையைக் கழற்றி அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை வடிகாலுக்குள் விட்டு, டைல்ஸ் நனையாமல் ஷவரை மட்டும் ஓடவிட்டோம். எண் ஏறியது. கடைசியாக ஷவர் கைக்குழாயையும் (சுவரிலிருந்து நீண்டு ஷவர் தலையைத் தாங்கும் குழாய்) கழற்றி, சுவருக்குள் இருக்கும் எல்போவில், அதாவது குழாய் திரும்பும் வளைவுத் துண்டில், அரை அங்குல பிளக் போட்டு இறுக்கி, வால்வைத் திறந்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றோம். அந்தச் சின்னச் சக்கரம் மெதுவாக, விட்டுவிட்டு, சுற்றியது. பார்த்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி.

இடுக்குக்கு எபாக்சி போடும் முன்பே இந்த ரப்பர் குழாய் சோதனையைச் செய்திருக்கலாம். காசே ஆகாது, அரை மணி நேர வேலை.

உடைப்பதற்கு முன் பூஞ்சையை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தியல் தட்டத் தட்ட அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 10 சதுர அடிக்குக் குறைவான இடம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே சுத்தம் செய்யலாம் என்கிறது. எங்களுடையது அதற்குள் அடங்கியது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களை அந்தப் பக்கம் விடவே கூடாது. ஈர வீட்டுக்கும் மூச்சுக் கோளாறுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009லேயே விரிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. அறைக் கதவை மூடி, கீழ் இடைவெளியில் ஈரத்துணி திணித்து, ஜன்னலில் விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தோம், உள்காற்று வெளியே போகும்படி. என்95 முகக்கவசம், காற்றுத் துளையில்லாத பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை. சீலிங் ஃபேன் அணைத்தே இருக்க வேண்டும்.

காய்ந்த பூஞ்சையை அப்படியே பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பானில் அடித்து நன்றாக நனைத்தேன். அப்புறம் அகலக் கத்தியால் பெயிண்டோடும் பட்டியோடும் சேர்த்துச் சுரண்டினேன், விழுந்ததை ஈரத்தோடேயே பையில் கட்டினேன். சாதாரண வாக்குவம் கிளீனர் வேண்டாம், அது முன்னால் உறிஞ்சி பின்னால் ஊதிவிடும், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால் மட்டும் சரி. பிளீச் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் அது வேலை செய்யும். பூச்சிலும் மரத்திலும் மேல் நிறம் வெளுக்கும், தண்ணீர்ப் பங்கு உள்ளே இறங்கிச் சுவரை இன்னும் நனைக்கும். அப்படியே பயன்படுத்தினாலும் கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கக் கூடாது.

அலமாரியில் முதுகுப் பலகை மரத்தூள் பலகை. ஓரமெல்லாம் ஊதி, விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது, அதைக் கழற்றி எறிந்துவிட்டோம். சட்டங்கள் கெட்டி மரம், சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவைத்து, உப்புத்தாள் (சாண்ட்பேப்பர்) போட்டுத் தேய்த்ததும் நன்றாகவே ஆகிவிட்டன.

இனி உடைப்பு. அந்த டைல்ஸ் இப்போது கிடைப்பதில்லை, ஒன்றை உடைத்தாலும் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும். அதனால் படுக்கையறைப் பக்கமிருந்தே போகலாம் என்று பிளம்பர் அண்ணன் சொன்னது பெரிய உதவி. அரைச் செங்கல் சுவர் என்பதால் இரண்டு செங்கலை உருவினாலே குழாயின் முதுகு தெரிந்துவிடும். ஷவர் உயரத்துக்கு நேராக அடையாளம் போட்டு, உளியும் ஒரு கிலோ சுத்தியலும் வைத்து, சிறு சிறு அடியாக அடித்தார். ஓங்கி அடித்தால் மறுபக்க டைல்ஸ் விட்டுப்போகும்.

எல்போ கையில் வந்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சிபிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்போ, மரையும் முழுக்க பிளாஸ்டிக். மரை வாயிலிருந்து ஆரம்பித்து சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு முடி கனத்தில் ஒரு கீறல். வாயை இரண்டு விரலால் அகட்டினால் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. மரைக்குள் டெஃப்லான் டேப் அவ்வளவு கனமாகச் சுற்றியிருந்தது. ஷவர் கைக்குழாய் உலோகம், அதில் டேப்பைத் தடிமனாகச் சுற்றி ஸ்பேனரால் திருகினால் பிளாஸ்டிக் மரை ஆப்பு அடித்தது போல விரியும். அன்றைக்கே உடையாது, வருடக்கணக்கில் மெல்லப் பிளந்துகொண்டு போகும். பதிலுக்குப் போட்டது பித்தளை மரை வைத்த எல்போ. டேப் நான்கைந்து சுற்று, கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை.

குழாயை நேராக வெட்டி, உள் ஓரப் பிசிறை வழித்து, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் சால்வென்ட் சிமெண்ட், அதாவது பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் பசை. ஈரக் குழாயில் அது பிடிக்காது. உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் குழாய் தானாகவே பின்னால் தள்ளிக்கொண்டு வரும். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் கை பம்பு வைத்து வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினோம். அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. ஆனாலும் சுவரை மூடவில்லை, அந்த ஓட்டையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஷவரைத் தினமும் பயன்படுத்தினோம்.

இதற்கு மேல்தான் மிக நீண்ட வேலை, காயவைப்பது. இதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பதே என் ஆதங்கம். கசிவு நின்ற வாரமே பட்டி போட்டு பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள், சில மாதத்தில் திரும்ப உப்புகிறது, உடனே "வேறு எங்கோ கசிகிறது" என்று இன்னொரு சுவரை உடைக்கிறார்கள்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். பொக்கென்று கேட்ட இடத்தில் எல்லாம் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருந்தது. ஈரம் தெரிந்த எல்லைக்கு மேல் இன்னும் அரை மீட்டர் வரை பூச்சைக் கொத்தி எடுத்தோம், உப்பு அதுவரை ஏறியிருக்கும். செங்கல் மேல் மறுபடி பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டிப் பெருக்கினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேதான் போகும்.

25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலைக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு. எங்கள் சுவருக்கு ஒரு பக்கம் டைல்ஸ் மூடியிருந்தது, ஈரம் வெளியேற ஒரே ஒரு பக்கம்தான். அதனால் சுவரின் முழுக் கனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அறையை மூடி ஓடவிட்டு, தொட்டியில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதினேன். முதலில் நாளுக்கு லிட்டர் கணக்கில் வந்தது, பிறகு குறைந்துகொண்டே போயிற்று. அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றால் போதும், 60ஐத் தாண்டவிடவில்லை. வெளியே நல்ல வெயில் காய்ந்த நாட்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தோம். மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் வெளி ஈரத்தை உள்ளே கூப்பிடுவதுதான். ஹீட்டரைச் சுவருக்கு நேராக வைக்கச் சொன்னவர்களும் உண்டு, நான் கேட்கவில்லை, மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

அந்த உள் ஈரத்தைப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. துருப்பிடிக்காத ஆணி இரண்டை எடுத்து, நுனி மட்டும் தெரியும்படி மேலே இன்சுலேஷன் டியூப் மாட்டி, செங்கல்லில் 5 செ.மீ. ஆழத்துக்கு, ஈரமானி ஊசிகளின் இடைவெளியிலேயே இறக்கினேன். ஊசியை ஆணித் தலையில் வைத்தால் ஆழத்து எண் கிடைக்கும். ஒரு கட்டத்தில் மேற்பரப்பு 12 காட்டியது, தொட்டால் பொருபொருவென்று காய்ந்திருந்தது, கொத்தனார் சாமானோடு வந்துவிட்டார். ஆணியில் 24. அவரை அனுப்பிவிட்டோம். வாரம் ஒருமுறை அளந்தேன், தினமும் அளந்தால் எண் நகராதது போலத் தெரிந்து மனம்தான் சோர்கிறது. ஆழத்து எண் 11 வந்து, அடுத்தடுத்த வாரங்களிலும் அங்கேயே நின்ற பிறகுதான் பூச்சு.

ஜிப்சம் பூச்சு வேண்டாம் என்றேன், ஈரமும் உப்பும் பட்டால் அது இளகிவிடும். சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று பங்கு, இரண்டு தடவையாக, ஒவ்வொன்றும் 10 மி.மீ.க்குள். பூசும் முன் செங்கல்லை லேசாக நனைக்கத்தான் வேண்டும், பூச்சும் தண்ணீரோடுதான் வருகிறது, அதனால் அதற்கும் காயும் காலம் தனியாகக் கொடுத்தோம், இந்தமுறை இயந்திரம் இல்லாமல், மெதுவாக. மேலே அடித்தது சுவர் மூச்சுவிட இடம் கொடுக்கும் சுண்ணாம்பு வண்ணம். தண்ணீர் புகாத பெயிண்டைப் படுக்கையறைப் பக்கம் அடித்தால், மிச்சம் இருக்கும் ஈரம் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி அதையே கொப்புளமாக்கும்.

செலவைச் சொல்ல வேண்டும் என்றால், கோளாறான அந்த எல்போதான் இருப்பதிலேயே மலிவு. கொத்தனார் கூலியும் இயந்திர வாடகையும் பெரும்பங்கு. அடுத்து எபாக்சி வேலை, அது இப்போதைக்கு அவசியமே இல்லாதது. ஈரமானி அந்த எபாக்சியை விடக் குறைவு.

அடுத்தமுறை குளியலறை கட்டுவதாக இருந்தால் ஷவர் குழாயைச் சுவருக்கு வெளியேதான் கொண்டுபோவேன். முடியாவிட்டால் பின்சுவரில் கழற்றி மாட்டும் ஒரு மூடி வைப்பேன். அலமாரி இப்போது சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி, 10 செ.மீ. காலில் நிற்கிறது, முதுகுப் பலகையில் மேலும் கீழும் காற்றுத் துளை போட்டாயிற்று. சுவரை மூடும் முன் அளவுநாடாவைக் குழாயோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்தோம், தரையிலிருந்து எவ்வளவு, கதவு நிலையிலிருந்து எவ்வளவு என்று எண்கள் தெளிவாகத் தெரியும்படி. ஒரு பிரதி மெயின் வால்வுப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறது.